கண் பழகுவது: விளையாட்டும் விழிப் பயிற்சியும் பற்றிச் சில குறிப்புகள்

1

சென்ற கோடையில் திருச்சியிலிருந்து அக்கா போன் செய்தாள். அவள் மகனுக்குப் பதிமூன்று வயது. இரண்டு வருடமாகக் கிரிக்கெட் பயிற்சிக்குப் போகிறான். பயிற்சி நடத்துகிறவர்கள் இப்போது புதிதாகக் 'கண் பயிற்சி' என்று ஒன்றைத் தொடங்கியிருக்கிறார்களாம். மூன்று மாதத்திற்குப் பதினெட்டாயிரம் ரூபாய். 'இவனுக்குக் கண்ணு ஸ்லோவா இருக்குன்னு சொல்றாங்க தம்பி. நீ நாலு புஸ்தகம் படிக்கிறவன், வந்து ஒரு தடவ பார்த்துட்டு சொல்லு' என்றாள். தமிழ் எம்.ஏ. படித்தவனிடம் கண்ணைப் பற்றிக் கேட்கிறாளே என்று சிரிப்பு வந்தது. ஆனாலும் போனேன்.

ஏ.சி. போட்ட சின்ன அறை. சுவரில் ஒரு பலகை. அதில் அங்கங்கே விளக்கு எரியும். எரிந்த விளக்கைக் கையால் தட்டி அணைக்க வேண்டும். கலர் மணி கோத்த ஒரு கயிற்றின் நுனியை மூக்கருகே பிடித்துக்கொண்டு ஒவ்வொரு மணியாகப் பார்வையை நிறுத்த வேண்டும். விட்டுவிட்டு இருட்டாகும் கண்ணாடி ஒன்றைப் போட்டுக்கொண்டு பந்து பிடிக்க வேண்டும். பயிற்சியாளர் நல்ல மாதிரியான இளைஞர். 'கண்ணும் ஒரு மசில்தான் சார், பைசெப்ஸ் மாதிரி. டெவலப் பண்ணிட்டா பால் பெரிசா தெரியும்' என்றார். அவர் பொய் சொல்வதாக எனக்குப் படவில்லை. நம்பித்தான் சொன்னார்.

எனக்குப் பதினோரு வயதில் கண்ணாடி போட்டார்கள். மறுவாரமே பி.டி. சார் என்னை ஆட்டத்திலிருந்து எடுத்து ஸ்கோர் நோட்டைக் கையில் கொடுத்தார். 'சோடாபுட்டிக்கு எதுக்குடா பேட்டு?' என்று அவர் கேட்டபோது எல்லோரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன். பள்ளி முடியும்வரை ஸ்கோர்தான் எழுதினேன். கண் என்பது உடம்போடு வந்த விதி என்றார் அவர். காசு கொடுத்தால் வளரும் தசை என்கிறார் இவர். யோசித்துப் பார்த்தால் இரண்டு பேரும் ஒரே இடத்தில்தான் நிற்கிறார்கள். ஆட்டக்காரனின் பார்வை விழிக்கோளத்துக்குள் இருக்கிறது என்ற இடம் அது. அந்த இடத்தைப் பற்றித்தான் இக்கட்டுரை.

2

முதலில் ஒரு கணக்கு. கிரிக்கெட் பிட்ச் 22 கஜம், அதாவது 20.12 மீட்டர். பந்து வீசுபவரின் கோட்டுக்கும் மட்டையாளரின் கோட்டுக்கும் இடையே 17.68 மீட்டர். மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து நொடிக்கு ஏறத்தாழ 39 மீட்டர் கடக்கும். தரையில் பட்டு வேகம் கொஞ்சம் குறைவதையும் சேர்த்துக்கொண்டால் மட்டையாளருக்குக் கிடைப்பது சுமார் அரை நொடி. கண்ணில் பட்ட ஒன்றுக்கு உடம்பு பதில் சொல்ல ஏறத்தாழ 0.2 நொடி வேண்டும். மட்டையைச் சுழற்றவும் நேரம் வேண்டும். ஆக, பந்து பாதி வழி வரும்போதே என்ன ஷாட் என்பது பெரும்பாலும் முடிவாகியிருக்க வேண்டும்.

நல்ல ஆட்டக்காரர்களுக்கு இந்த 0.2 நொடி குறைவாக இருக்குமோ? பீட்டர் மெக்லியாட் என்ற உளவியலாளர் இதைச் சோதித்து 1987-இல் எழுதினார். விரிப்புக்கு அடியில் மரக் குச்சிகளை வைத்து, தரையில் பட்ட பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்று யாருக்கும் தெரியாதபடி செய்தார். சர்வதேச ஆட்டக்காரர்களாலும் பந்து திரும்பி ஏறத்தாழ 200 மில்லிசெகண்டு கழியும்வரை தங்கள் அசைவில் எதையும் மாற்ற முடியவில்லை. சாதாரண மனிதர்களின் நேரமும் இதுதான். அதாவது, அந்த அறையில் விளக்கைத் தட்டி அணைத்துப் பழகும் 'வேகம்' தேர்ந்தவரையும் தேராதவரையும் பிரிக்கும் கோடே அல்ல.

அடுத்தது, 'பந்தையே பாரு, கடைசிவரை கண்ணை எடுக்காதே' என்ற பழைய உபதேசம். விழித்திரையின் நடுவிலுள்ள மிகச் சிறிய பகுதிதான் துல்லியமாகப் பார்க்கிறது. கையை நீட்டிக் கட்டைவிரல் நகத்தைப் பார்த்தால் ஏறத்தாழ அவ்வளவு இடத்தில்தான் முழுத் தெளிவு இருக்கிறது. மற்றதெல்லாம் மங்கல்தான், நமக்கு அப்படித் தெரிவதில்லை என்பது வேறு விஷயம். நகரும் பொருளைக் கண் இரண்டு விதமாகப் பிடிக்கிறது. ஒன்று, வழுக்கினாற்போலப் பின்தொடர்வது. இதற்கு வேக வரம்பு உண்டு. மற்றது, ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குத் தாவுவது. தாவுகிற கணத்தில் பார்வை ஏறக்குறைய அணைந்துபோகிறது.

பேஸ்பால் ஆட்டத்தில் பந்தைக் கடைசிவரை ஏன் பார்க்க முடிவதில்லை என்பதை டெரி பாஹில், டாம் லாரிட்ஸ் என்ற இருவர் 1984-இல் விளக்கினார்கள். அவர்கள் சோதித்த தொழில்முறை ஆட்டக்காரர் மற்றவர்களைவிட நெடுந்தூரம் பந்தைப் பின்தொடர்ந்தார். ஆனால் அடிக்கும் இடத்துக்கு ஏறத்தாழ ஐந்தரை அடி முன்பே அவரும் அதை இழந்துவிட்டார். கிரிக்கெட்டில் இதைவிடச் சுவையான சங்கதி ஒன்று இருக்கிறது. மைக்கேல் லாண்டும் மெக்லியாடும் வெவ்வேறு தரத்திலுள்ள மூன்று மட்டையாளர்களின் தலையில் காமிரா பொருத்திக் கண்ணின் அசைவைப் பதிவுசெய்தார்கள். 2000-இல் வெளிவந்த அந்த ஆய்வின்படி, பந்து வெளிப்படுவதை ஆட்டக்காரர் ஒரு கணம் பார்க்கிறார். பிறகு பந்தை விட்டுவிட்டு அது தரையில் படப்போகும் இடத்துக்குக் கண்ணைத் தாவவிடுகிறார். அங்கே காத்திருக்கிறார். பந்து வந்து சேர்ந்து குத்தி எழுந்த பின் சிறிது நேரம் அதைப் பின்தொடர்கிறார். நன்றாக ஆடுபவர் சீக்கிரம் தாவுகிறார், சுமாரானவர் தாமதமாகத் தாவுகிறார்.

நண்பர்கள் இதைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். தேர்ந்தவர் பந்தைத் தேராதவரைவிட அதிகமாகப் பார்ப்பவர் அல்லர். பந்து இன்னும் வந்து சேராத இடத்தைப் பார்ப்பவர்.

3

சரி, கூர்மையான கண்ணாவது வேண்டாமா என்று கேட்கலாம். சுவரில் எழுத்துகளைச் சிறிதாக்கிக்கொண்டே போகும் அட்டையை ஹெர்மன் ஸ்னெல்லன் 1862-இல் உருவாக்கினார். நிற்கிற எழுத்தை, நிற்கிற மனிதன், நல்ல வெளிச்சத்தில், அவசரமில்லாமல் படிப்பதைத்தான் அது அளக்கிறது. ஆட்டத்தில் இந்த நான்கில் ஒன்றுகூட இருப்பதில்லை.

ஆஸ்திரேலிய ஆய்வாளர் டேவிட் மானும் அவருடைய சக ஆய்வாளர்களும் மட்டையாளர்களுக்குப் பார்வையை மங்கலாக்கும் காண்டாக்ட் லென்சுகளைப் போட்டு ஆடவைத்தார்கள். 2010-இல் வெளியான அதன் முடிவு பலரை ஆச்சரியப்படுத்தியது. கணிசமான அளவு மங்கலாக்கிய பிறகும் ஆட்டம் குலையவில்லை. மங்கல் மிகவும் கூடியபோதும், பந்தின் வேகத்தைக் கூட்டியபோதும்தான் சரிவு தெரிந்தது. இதிலிருந்து கண்ணாடியே வேண்டாம் என்று யாரும் முடிவுகட்டிவிடக் கூடாது. பார்வைக் குறை இருந்தால் சரிசெய்துகொள்ளத்தான் வேண்டும். ஆனால் குறையைச் சரிசெய்வது வேறு, குறையில்லாத கண்ணை இன்னும் கூர்தீட்டினால் ஆட்டம் கூடும் என்பது வேறு.

ஆய்வு நமக்குத் தூரமாக இருந்தால் பட்டோடி பக்கத்தில் இருக்கிறார். மன்சூர் அலி கான் பட்டோடி 1961 ஜூலையில் இங்கிலாந்தில் ஒரு கார் விபத்தில் வலது கண் பார்வையை இழந்தார். அப்போது வயது இருபது. ஒற்றைக் கண்ணுக்கு ஆழம் சரியாகப் பிடிபடாது, பந்து இரண்டாகத் தெரியும். தொப்பியை வலது கண்ணின் மேல் இறக்கிவிட்டுக்கொண்டு ஆடிப் பழகினார். அதே ஆண்டு டிசம்பரில் டெல்லியில் முதல் டெஸ்ட். 1962 ஜனவரியில், நம் சென்னையில், தனது மூன்றாவது டெஸ்டில் 103. அதே ஆண்டு இந்திய அணியின் கேப்டன். மொத்தம் 46 டெஸ்ட், ஆறு சதம். டான் பிராட்மனோ 1940-இல் ராணுவத்தில் சேர்ந்தபோது செய்த வழக்கமான சோதனையில் பார்வை மோசம் என்று கண்டறியப்பட்டவர். எங்கள் பி.டி. சாரிடம் சிக்கியிருந்தால் இரண்டு பேரும் ஸ்கோர் எழுதியிருப்பார்கள்.

4

அப்படியென்றால் பழகுவது எது?

அமெரிக்காவில் 2004-இல் ஒரு காட்சி ஆட்டத்தில் ஜென்னி ஃபின்ச் என்ற சாஃப்ட்பால் வீராங்கனை, ஆல்பர்ட் புஹோல்ஸ் உள்ளிட்ட அன்றைய மிகப் பெரிய பேஸ்பால் ஆட்டக்காரர்களுக்குப் பந்து போட்டார். அவர்களால் தொட முடியவில்லை. பேஸ்பாலைவிடச் சாஃப்ட்பால் பெரிய பந்து. வேகமும் குறைவு. தூரம் 60 அடிக்குப் பதில் 43 அடி என்பதால் பந்து வந்துசேர எடுக்கும் நேரம் இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றுதான். கண் அதே கண், அனிச்சை அதே அனிச்சை. ஆனால் தோளுக்கு மேலிருந்து வீசுவதை லட்சம் தடவை பார்த்துப் பழகியவர்களுக்கு, இடுப்புக்குக் கீழிருந்து வரும் பந்து முன்பின் பார்த்திராத எழுத்து. படிக்கத் தெரியவில்லை.

எழுத்து என்று நான் சொல்வது வெறும் உவமைக்காக அல்ல. சதுரங்க மேதைகளுக்குப் பலகையை ஐந்து நொடி காட்டி மறைத்தால் காய்கள் நின்ற இடத்தைப் பெரும்பாலும் சரியாகச் சொல்லிவிடுவார்கள். காய்களைக் கண்டபடி இறைத்துவைத்துக் காட்டினால் அவர்களும் நம்மைப் போலவே தடுமாறுவார்கள் என்று சேஸ், சைமன் ஆய்வு 1973-இல் காட்டியது. எழுத்துக்கூட்டிப் படிக்கிற குழந்தை ஒவ்வொரு எழுத்தையும் பார்க்கிறது. நாம் அப்படி ஒவ்வொன்றாகப் பார்ப்பதில்லை, சொல்லை ஒரே பார்வையில் பிடித்துக்கொண்டு அடுத்த சொல்லுக்குத் தாவிவிடுகிறோம். மட்டையாளர் செய்வதும் வாசிப்புதான். பந்துவீச்சாளரின் ஓட்டம், தோள், மணிக்கட்டு, விரல் எல்லாம் அவருக்குப் பிரதி. பந்து கையைவிடும் கணத்தில் படத்தை நிறுத்திவிட்டு, 'எங்கே விழும்?' என்று கேட்கும் சோதனைகளை புரூஸ் அபர்நெதி முதலானோர் பல ஆட்டங்களில் செய்திருக்கிறார்கள். தேர்ந்தவர்கள் பந்து வருவதற்கு முன்பே கையிலிருந்து செய்தி எடுத்துவிடுகிறார்கள். புதியவர்களால் அது முடிவதில்லை.

மெர்லோ-போந்தி 1942-இல் எழுதிய ஒரு நூலில் கால்பந்து மைதானத்தைப் பற்றிச் சொல்வது இங்கே நினைவுக்கு வருகிறது. ஆடுகிறவனுக்கு மைதானம் எதிரே கிடக்கும் ஒரு பொருள் அல்ல. திறப்புகளும் தடைகளும் விசைக்கோடுகளும் நிறைந்து, அவனை ஒரு செயலுக்கு அழைக்கும் களம் அது. ஆய்வுக்கூடம் அரை நூற்றாண்டு கழித்துக் காமிராவில் பிடித்ததும் இதைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. பார்ப்பது கண் அல்ல, அந்த ஆட்டத்தில் வாழ்ந்து பழகிய உடம்பு. பூர்தியு இதை 'ஆட்டத்தின் உணர்வு' என்பார். அது உடம்பில் படிந்த வரலாறு, படிந்த பிறகு இயற்கைபோல் தோன்றுவது.

அப்படியானால் கண்ணுக்குப் பயிற்சியே கிடையாதா? உண்டு. கனடாவின் கேல்கரி பல்கலைக்கழகத்தில் ஜோன் விக்கர்ஸ் என்ற ஆய்வாளர் கூடைப்பந்தில் ஃப்ரீ த்ரோ போடுபவர்களின் கண்ணை ஆராய்ந்து 1996-இல் எழுதினார். நன்றாகப் போடுபவர்கள் கை அசைவதற்கு முன்பே வளையத்தில் ஓர் இடத்தில் கண்ணை நிறுத்தி, மற்றவர்களைவிட அதிக நேரம் அங்கேயே வைத்திருக்கிறார்கள். இதை 'அமைதி விழி' எனலாம். இப்படி நிறுத்திப் பழகிய ஒரு கல்லூரி அணி இரண்டு பருவங்களில் 54 சதவீதத்திலிருந்து 76 சதவீதத்துக்கு உயர்ந்ததாக 2001-இல் வந்த கட்டுரை சொல்கிறது. இங்கேயும் தசை வளர்க்கப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எப்போது, எங்கே, எவ்வளவு நேரம் என்பதுதான் கற்பிக்கப்பட்டது. அதுவும் அந்த வளையத்தின் முன்னால், அந்தப் பந்தோடு.

5

இனி அந்த அறைக்கு வருவோம். அதற்கும் ஒரு பரம்பரை இருக்கிறது. வில்லியம் பேட்ஸ் என்ற அமெரிக்கக் கண் மருத்துவர் 1920-இல் வெளியிட்ட நூலில், கண்ணாடி தேவையில்லை, பயிற்சியால் பார்வை திரும்பும் என்றார். விழிக்கோளத்துக்கு வெளியிலுள்ள தசைகளின் இறுக்கம்தான் குறைக்குக் காரணம் என்பது அவர் கோட்பாடு. அது தவறு என்பது உடலியலில் தெளிவான விஷயம், குவியத்தை மாற்றுவது உள்ளேயிருக்கும் லென்சுதான். ஆனாலும் ஆல்டஸ் ஹக்ஸ்லி 1942-இல் அதற்காக ஒரு புத்தகமே எழுதினார். நம் பக்கத்துப் புதுச்சேரியிலும் அம்முறை வேர்விட்டது. 1980-களில் இந்த ஆசை விளையாட்டுக்குள் வந்து 'ஸ்போர்ட்ஸ் விஷன்' ஆனது.

அது பலிக்கிறதா என்று அபர்நெதியும் ஜோவான் வுட்டும் 2001-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். பொதுவான விழிப் பயிற்சி செய்தவர்கள், டென்னிஸ் பற்றிப் படித்தும் படம் பார்த்தும் இருந்தவர்கள், ஆட்டப் பயிற்சி மட்டும் செய்தவர்கள் என்று குழுக்களாகப் பிரித்து நான்கு வாரம் கழித்துப் பார்த்தார்கள். விழிப் பயிற்சி பெற்றவர்கள் மற்றவர்களைவிட எதிலும் முந்தவில்லை. சோதனையையே மறுபடி மறுபடி செய்வதால் சோதனையில் தேர்ச்சி வருகிறது. விளக்கைத் தட்டிப் பழகினால் விளக்கைத் தட்ட வரும், அவ்வளவுதான்.

எதிர்ச் சான்றுகள் இல்லாமலில்லை. சின்சினாட்டி பல்கலைக்கழகத்தின் பேஸ்பால் அணி விழிப் பயிற்சிக்குப் பிறகு 2011-இல் தன் அடிக்கும் சராசரியை 0.251-இலிருந்து 0.285-க்கு உயர்த்தியது. ஆனால் பயிற்சி பெறாத ஒரு குழுவை அதே அணிக்குள் வைத்து ஒப்பிடவில்லை என்பதால், உயர்வுக்குக் காரணம் கண்தான் என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. தென்னாப்பிரிக்காவின் ஷெரில் கால்டர், 2003-இல் இங்கிலாந்துடனும் 2007-இல் தென்னாப்பிரிக்காவுடனும் விழிப் பயிற்சியாளராக இருந்து இரண்டு ரக்பி உலகக் கோப்பைகளைப் பார்த்தவர். அவரை ஒதுக்கிவிட முடியாது. அதேசமயம் வெல்கிற அணியில் வெற்றிக்கான காரணங்கள் நூறு இருக்கும். கண்பார்வையையே மேம்படுத்தும் என்று விளம்பரம் செய்த ஒரு கைப்பேசிச் செயலியின் மீது அமெரிக்க ஃபெடரல் டிரேட் கமிஷன் 2015-இல் நடவடிக்கை எடுத்ததும், நிறுவனம் 1,50,000 டாலர் கட்டச் சம்மதித்ததும் பதிவில் இருக்கிறது.

நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அருகிலுள்ள பொருளில் இரண்டு கண்ணும் சேர்ந்து குவியச் சிரமப்படும் குறைபாடு ஒன்று உண்டு. அதற்கு மணிக் கயிறு போன்ற பயிற்சிகள் உண்மையாகவே உதவுகின்றன. கண் மருத்துவமனைகளிலேயே தருகிறார்கள். சிகிச்சையின் கருவியை எடுத்து ஆரோக்கியமான பையனுக்கு 'திறன்' என்று விற்பதில்தான் கோளாறு. இந்த விற்பனைக்கு முன்நிபந்தனை ஒன்று இருக்கிறது. திறமையை ஆட்டத்திலிருந்து பிடுங்கி, களத்திலிருந்து பிடுங்கி, தனி மனிதனின் ஓர் உறுப்புக்குள் அடைக்க வேண்டும். அடைத்த பிறகுதான் அதை அளக்கலாம், குறை என்று பெயரிடலாம், கட்டணம் போடலாம். 'கண்ணு ஸ்லோ' என்ற சொல் எங்கள் வீட்டுக்குள் வந்த வழி இதுதான்.

6

'பிறவியிலேயே நல்ல கண்' என்ற சொல்லாடலும் இதே காரியத்தை வேறு திசையிலிருந்து செய்கிறது. 1896-இல் இங்கிலாந்துக்காக முதல் டெஸ்ட் ஆடி 154 அடித்த ரஞ்சித்சிங்ஜியைப் பற்றி ஆங்கிலேயர்கள் எழுதியதைப் பாருங்கள். கீழைத்தேயத்துக் கண், கீழைத்தேயத்து மணிக்கட்டு, மாயம். உழைத்தார், யோசித்தார் என்பதெல்லாம் பின்னுக்குப் போய்விடும். அவர்களுடைய ஆள் அடித்தால் அது நுட்பம், இவர் அடித்தால் பிறப்பு. இளவரசருக்கே இப்படி.

பல்வங்கர் பாலுவின் கதை இன்னும் கூர்மையானது. தோல் வேலை செய்யும் தலித் சாதியில் பிறந்தவர். பூனாவில் ஐரோப்பியர்களின் கிளப்பில் மாதம் நான்கு ரூபாய்க்கு ஆடுகளத்தைப் பெருக்கி, உருளை இழுத்து, வலை கட்டியவர். அங்கே கிரெய்க் என்ற ஆங்கிலேய ஆட்டக்காரருக்கு மணிக்கணக்காகப் பந்து வீசி வீசித்தான் பெரிய பந்துவீச்சாளர் ஆனார். 1911-இல் இங்கிலாந்துப் பயணத்தில் நூறு விக்கெட்டுக்கு மேல். பூனாவில் அத்தனை நூறு மணி நேரம் வீசியும் ஒருமுறைகூட மட்டை பிடிக்கத் தரவில்லை என்று அவர் பின்னாளில் சொன்னதாக ராமச்சந்திர குஹா எழுதியிருக்கிறார். மட்டை கனவான்களுக்கு, பந்து வேலைக்காரர்களுக்கு. இந்து அணியில் சேர்ந்த பிறகும் தேநீர் இடைவேளையில் மற்றவர்களுக்குப் பீங்கான் கோப்பை, அவருக்கு வெளியே மண் குவளை.

இதை மேலே சொன்ன அறிவியலோடு சேர்த்து வாசிக்க வேண்டும் என்பதுதான் என் வாதம். மட்டையாளரின் கண் என்பது பல்லாயிரம் பந்துகளை எதிர்கொண்டதன் சேமிப்பு என்றால், எதிர்கொள்ள அனுமதிக்கப்படாதவருக்கு அந்தக் கண் வராது. வராததைப் பிறகு அவருடைய 'இயல்பு' என்று சொல்லிவிடலாம். கண் பழகுவதற்குத் தேவை நேரம். இடம் வேண்டும், பந்து வேண்டும், எதிரே ஒருவர் வந்து வீசவேண்டும். இவை எப்படிப் பங்கிடப்பட்டிருக்கின்றன என்பது கண் மருத்துவத்தின் கேள்வி அல்ல.

அக்காவிடம் காசு கட்ட வேண்டாம் என்றேன். பெரியாஸ்பத்திரியில் காட்டச் சொன்னேன். பையனுக்குக் கொஞ்சம் கிட்டப்பார்வை இருந்தது. கண்ணாடி போட்டார்கள். நெட்டில் வேறு வேறு ஆட்கள் வீசுகிற பந்தை ஆடச் சொன்னேன். பந்து வீசுபவரின் கையைப் பார்த்து எங்கே விழும் என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கச் சொன்னேன். இதற்கு எந்த அறையும் வேண்டியதில்லை.

ஊருக்குத் திரும்பும் நாளில் மைதானத்துக்குப் போயிருந்தேன். கட்டணம் கட்டிய பையன்கள் ஆளுக்குப் பத்து நிமிடம் என்று வரிசையாக மட்டை பிடித்தார்கள். ஓரமாகப் பதினொன்று, பன்னிரண்டு வயதில் ஒரு பையன் பந்து பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தான். ஆள் குறைந்தபோது அவனே வீசினான். நன்றாக வீசினான். மைதானத்தைப் பராமரிப்பவரின் மகனாம். 'பேட் பிடிப்பானா?' என்று பயிற்சியாளரிடம் கேட்டேன். 'தெரியல சார், குடுத்துப் பாத்ததில்ல' என்றார்.

ஆட்டோவில் திரும்பும்போது அக்கா மகனிடம், 'உன் பத்து நிமிஷத்துல அவனுக்கு ஒரு ஓவர் குடுத்துப் பாரேன்' என்றேன்.

புதுக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னான்: 'அவனுக்குக் குடுத்தா என் டைம் போயிடும் மாமா.'

அவன் சொன்னதில் தப்பில்லை. கணக்கு அவனுக்குச் சரியாகத்தான் புரிந்திருக்கிறது.